தச்சர் மகன் வாண்டர் வால்ஸ்

திண்மம், திரவம், வாயு எனப் பொருள்களின் நிலை மூன்று என்று சிறு வகுப்பிலேயே நாம் கற்றோம். பனிக்கட்டி உருகினால் நீர். நீர் கொதித்தால் நீராவி. கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்து, அவற்றுக்கு இடையே அம்புக்குறி இட்டு நாம் படித்த பாடம் அது. ஆனால் அந்தக் கட்டங்களுள் திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவே உள்ள கோடு எங்கும் நிலையாக நிற்பதன்று. மிகுந்த அழுத்தத்திலும் மிகுந்த வெப்பத்திலும் அது அழிந்தே போகிறது. இவ்வியப்பான உண்மைக்குக் கணக்கு வழியாக விளக்கம் தந்தவர் ஒருவர். அவர் செல்வர் வீட்டுப் பிள்ளையல்லர், தச்சர் மகன். பதினைந்து வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்துபோனவர். அவரே யோஹான்னஸ் டிடெரிக் வாண்டர் வால்ஸ். இயற்பியலுக்காக நோபல் பரிசு பெற்ற அப்பெரியாரின் வரலாற்றைப் பதினைந்து வயதில் நிற்கும் நாங்கள் விருப்போடு படித்தோம். அதனை இங்கே தோழியரோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பிறப்பும் இளமையும்

நெதர்லாந்து நாட்டில் லைடன் என்பது பழமையான பல்கலைக்கழக நகரம். அந்நகரில் 1837ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வாண்டர் வால்ஸ் பிறந்தார். தந்தை தச்சுத் தொழில் செய்தவர். வீட்டில் பிள்ளைகள் பத்துப் பேர். அவர்களுள் மூத்தவர் இவர். பத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்த பிள்ளையின் நிலை எப்படி இருக்கும் என்பதை நம்மில் பலர் அறிவோம். தம்பி தங்கையருக்கு வழிவிட்டுத் தான் விரைவில் சம்பாதிக்கும் வழியைத் தேடவேண்டும்.

அந்நாளில் அந்நாட்டில் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் தொடக்கக் கல்வியும் அதற்குச் சற்று மேற்பட்ட கல்வியும் பெறுவர், அத்தோடு சரி. பல்கலைக்கழகத்துக்கு இட்டுச் செல்லும் உயர்ந்த பள்ளிகளில் அவர்கள் சேர்வது வழக்கமில்லை. அப்பள்ளிகளில் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தனர். அவ்விரு மொழிகளையும் கற்காதவர் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியாது. எனவே லைடன் நகரிலேயே பிறந்தும், அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தின் வாயில் அவருக்குத் திறக்கவில்லை. பதினைந்து வயதில் அவர் பள்ளிக் கல்வியை முடித்து, ஒரு தொடக்கப் பள்ளியில் பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்தார்.

ஆசிரியப் பணியும் அயராத படிப்பும்

சிறு பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்துக்கொண்டே அவர் படித்தார். 1856 முதல் 1861 வரை ஒன்றன்பின் ஒன்றாகத் தேர்வுகள் எழுதித் தொடக்கப் பள்ளி ஆசிரியராகவும், பின்னர்த் தலைமையாசிரியராகவும் தகுதி பெற்றார். பலர் இத்தோடு நிறைவடைந்திருப்பர். அவர் நிறைவடையவில்லை. 1862இல் லைடன் பல்கலைக்கழகத்தில் கணிதம், இயற்பியல், வானியல் ஆகிய வகுப்புகளுக்குச் செல்லத் தொடங்கினார். முறையான மாணவராக அன்று; வெளியாராக. வெளியார் ஆண்டுக்கு நான்கு பாடங்கள் வரை கேட்கலாம் என்று அங்கு ஒரு விதி இருந்தது. பாடத்தைக் கேட்கலாம், பல்கலைக்கழகத் தேர்வு எழுதுவதற்கோ பட்டம் பெறுவதற்கோ உரிமையில்லை.

பட்டம் கிடைக்காது என்று தெரிந்தும் பாடம் கேட்கச் செல்வது எளிதா? மதிப்பெண் இல்லாத பாடத்தை நாம் எவ்வளவு கவனிக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால் அவருடைய ஆர்வத்தின் அளவு விளங்கும்.

அந்த ஆண்டுகளில் நெதர்லாந்தில் புதிய வகை உயர்நிலைப் பள்ளிகள் தோன்றின. லத்தீன், கிரேக்கத்துக்கு மாறாக அறிவியலும் கணிதமும் அவற்றில் முதன்மை பெற்றன. அப்பள்ளிகளில் ஆசிரியராவதற்கான தேர்வுகளையும் அவர் தம் ஓய்வு நேரத்தில் படித்து எழுதி வென்றார். 1865இல் டெவென்டர் என்னும் ஊரில் இயற்பியல் ஆசிரியரானார். அதே ஆண்டு அன்னா மக்டலேனா ஸ்மிட் என்னும் மங்கையை மணந்தார். அடுத்த ஆண்டு ஹேக் நகரப் பள்ளிக்கு மாறினார். பின்னாளில் அப்பள்ளியின் தலைவராகவும் உயர்ந்தார். ஹேக் நகரம் லைடனுக்கு அண்மையில் உள்ளது. ஆகவே விட்ட பாடங்களை அவர் மீண்டும் தொடர முடிந்தது.

பின்னர்ச் சட்டம் மாறியது. அறிவியல் படிப்போர்க்கு லத்தீன், கிரேக்கக் கட்டாயத்திலிருந்து விலக்கு அளிக்கலாம் என்றாயிற்று. வாண்டர் வால்ஸ் உடனே தேர்வுகளை எழுதினார். கதவு திறந்தபோது அவர் வெளியே படித்துக்கொண்டே காத்திருந்தார். படிக்காமல் காத்திருந்தால் திறந்த கதவால் என்ன பயன்?

அந்நாளைய புதிர்

இனி அவர் ஆராய்ந்த பொருளைக் காண்போம். அவருக்கு முன்னரே அறிஞர் பலரை ஒரு புதிர் வாட்டி வந்தது.

1822இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த காக்னியார் த லா தூர் என்பவர் ஒரு துப்பாக்கிக் குழலில் சாராயத்தையும் ஒரு கல் உருண்டையையும் இட்டு, இருபுறமும் அடைத்துச் சூடேற்றினார். குழலை ஆட்டும்போது உருண்டை திரவத்துக்குள் விழும் ஓசை கேட்டது. வெப்பம் ஓரளவைத் தாண்டியதும் அவ்வோசை நின்றுவிட்டது. உள்ளே திரவம் என்று தனியாக ஒன்று இல்லாமற் போயிற்று என்பதைக் காதாலேயே அவர் கண்டுகொண்டார்.

1823இல் இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே குளோரின் வாயுவை அழுத்தித் திரவமாக்கினார். பின்னர் வேறு பல வாயுக்களும் அவ்வாறே அடங்கின. ஆனால் ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் முதலியன மட்டும் எவ்வளவு அழுத்தினாலும் அடங்கவில்லை. வியன்னா நகரில் நாட்டரர் என்பவர் ஆயிரக்கணக்கான வளிமண்டல அழுத்தம் கொடுத்துப் பார்த்தார். அப்போதும் அவை வாயுவாகவே இருந்தன. இனி இவை திரவமாகா என்று எண்ணி அவற்றுக்கு நிரந்தர வாயுக்கள் என்று பெயரிட்டுவிட்டனர்.

இப்புதிருக்கு வழிகாட்டியவர் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பேராசிரியராக இருந்த தாமஸ் ஆண்ட்ரூஸ். அவர் கரியமிலவாயுவைக் கண்ணாடிக் குழாயில் அடைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1869இல் தம் முடிவை வெளியிட்டார். 31 டிகிரி செல்சியசுக்குக் கீழே கரியமிலவாயுவை அழுத்தினால் அது திரவமாகும். திரவத்துக்கும் அதன் மேலுள்ள ஆவிக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். குழாயைச் சூடாக்கினால் 31 டிகிரியை நெருங்கும்போது அக்கோடு மங்கும், பின் மறையும். அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் கோடு தோன்றாது. இவ்வெப்பநிலைக்கு மாறுநிலை வெப்பநிலை என்று பெயர். ஒவ்வொரு பொருளுக்கும் இது வேறு வேறு. நீருக்கு 374 டிகிரி. அதற்குரிய அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 218 மடங்கு. ஆக்சிஜனுக்கோ சுழிக்குக் கீழே 118 டிகிரி. ஆகவே அறையின் வெப்பத்தில் ஆக்சிஜனை எவ்வளவு அழுத்தியும் பயனில்லை. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகே அழுத்த வேண்டும்.

ஆண்ட்ரூஸ் கண்டதில் மற்றொரு விந்தையும் உண்டு. 31 டிகிரிக்குக் கீழே உள்ள வாயுவை முதலில் அதற்கு மேல் சூடாக்கி, பின் நன்றாக அழுத்தி, அழுத்தத்தைக் குறைக்காமல் குளிர்வித்தால், முடிவில் குழாயில் இருப்பது திரவம். ஆனால் அது எந்த நொடியில் திரவமாயிற்று என்று எவராலும் சொல்ல முடியாது. வழியில் கோடு எங்கும் தோன்றவே இல்லை. சுவரைத் தாண்டாமல் சுவரைச் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவது போன்றது இது. அப்படியானால் திரவமும் வாயுவும் அடிப்படையில் ஒன்றுதானா? ஏன் இவ்வாறு நிகழ்கிறது? இவ்வினாக்களுக்கு ஹேக் நகரத்துப் பள்ளி ஆசிரியர் விடை தேடினார்.

இரண்டு எளிய எண்ணங்கள்

மாறாத வெப்பநிலையில் வாயுவின் அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் கனஅளவு பாதியாகும் என்னும் பாயில் விதியை நாம் அறிவோம். 1662இல் வெளியான விதி அது. குறைந்த அழுத்தத்தில் அது நன்றாகப் பொருந்தும். அழுத்தம் மிகும்போது பொருந்தாது. காரணம், வாயுவின் மூலக்கூறுகள் இடமே பிடிக்காத புள்ளிகள் என்றும், அவை ஒன்றையொன்று கவனிப்பதே இல்லை என்றும் அவ்விதி கொள்கிறது.

வாண்டர் வால்ஸ் இரண்டையும் திருத்தினார். முதலாவது, மூலக்கூறுகளுக்கும் பருமன் உண்டு. விளையாட்டுத் திடலில் நாற்பது மாணவியர் ஓடித் திரியும்போது அவரவர் உடல் பிடிக்கும் இடம் ஒரு பொருட்டன்று. அதே நாற்பது பேரைச் சிறிய அறையில் அடைத்தால் உடல் பிடிக்கும் இடமே பெரிதாகிவிடும். ஆகவே மொத்தக் கனஅளவிலிருந்து மூலக்கூறுகளுக்காக ஓர் அளவைக் கழிக்கவேண்டும்.

இரண்டாவது, மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. நடுவில் உள்ள மூலக்கூற்றை எல்லாப் பக்கத்தவையும் ஒன்றுபோல் இழுப்பதால் அதற்கு மாற்றமில்லை. சுவரை நோக்கிச் செல்லும் மூலக்கூற்றைப் பின்னால் உள்ளவை இழுப்பதால் அது சுவரில் மோதும் வலிமை குறைகிறது. ஆகவே நாம் அளக்கும் அழுத்தம் உள்ளே உண்மையில் இருப்பதைவிடக் குறைவு. அக்குறையை ஈடுசெய்ய அழுத்தத்தோடு ஓர் அளவைக் கூட்டவேண்டும். கனஅளவு பாதியானால் இவ்வளவு நான்கு மடங்காகும். நெருங்க நெருங்க ஈர்ப்பு வலுக்கும்.

கழிக்க ஒன்று, கூட்ட ஒன்று; அவ்வளவே. இவ்விரு திருத்தங்களோடு அவர் எழுதிய சமன்பாடு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டு விடைகள் உண்டு என்று இவ்வாண்டு நாங்கள் கற்றோம். இவருடைய சமன்பாடு கனஅளவைப் பொறுத்து முப்படிச் சமன்பாடு. அதற்கு மூன்று விடைகள் வரலாம். மாறுநிலை வெப்பநிலைக்குக் கீழே, உரிய அழுத்தத்தில், பெரிய விடை வாயுவின் கனஅளவு. சிறிய விடை திரவத்தின் கனஅளவு. நடு விடை இயற்கையில் நிலைத்து நில்லாதது. வெப்பம் ஏற ஏற மூன்று விடைகளும் நெருங்கி வந்து, ஓரிடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. அவ்விடமே மாறுநிலைப் புள்ளி! ஆண்ட்ரூஸ் கண்ணாடிக் குழாயில் மறையக் கண்ட கோடு, இங்கே தாளின்மேல் கணக்கிலும் மறைந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்நாளில் மூலக்கூறு என்பது கணக்குக்காக நாம் கற்பித்துக்கொண்டது, உண்மையில் அப்படி ஒன்றில்லை என்று கருதிய அறிஞர்கள் பலர். வாண்டர் வால்ஸ் மூலக்கூறு உண்மையில் உண்டு என்று உறுதியாகக் கொண்டு, அதன் பருமனையும் ஈர்ப்பையும் கணக்கில் சேர்த்தார். அவர் கொண்டது சரியே என்று பின்வந்த ஆய்வுகள் நிறுவின.

பட்டமும் புகழும்

1873ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் வாண்டர் வால்ஸ் திரவ, வாயு நிலைகளின் தொடர்ச்சியைப் பற்றிய தம் ஆய்வேட்டை லைடன் பல்கலைக்கழகத்தில் அளித்து முனைவர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 35. எந்தப் பல்கலைக்கழகம் அவரை வெளியாராகவே வைத்திருந்ததோ அதே பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது.

ஆய்வேடு டச்சு மொழியில் இருந்தது. ஐரோப்பிய அறிஞர்களுள் அம்மொழி அறிந்தவர் சிலரே. எனினும் அதன் பெருமை பரவியது. பெரும் இயற்பியல் அறிஞராகிய ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் அதனைப் படித்து, சில இடங்களில் குறை கூறினும், மூலக்கூறு அறிவியலில் இவர் பெயர் முன்வரிசையில் இடம்பெறும் எனப் பாராட்டினார். இந்நூலைப் படிப்பதற்காகவே சிலர் டச்சு மொழி கற்க முற்பட்டதையும் அவர் குறிப்பிட்டார். லத்தீன் அறியாமையால் தடுக்கப்பட்டவருடைய தாய்மொழியை, அவருக்காக மற்றவர் கற்றனர்! பின்னர் ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு மொழிகளில் அந்நூல் பெயர்க்கப்பட்டது.

1877இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் புதிய பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் இயற்பியல் பேராசிரியராக வாண்டர் வால்ஸ் அமர்ந்தார். வேதியியலில் முதல் நோபல் பரிசு பெற்ற வான்ட் ஹாஃப், தாவரவியல் அறிஞர் ஹூகோ டி விரீஸ் ஆகியோரும் அங்கே பணியாற்றினர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாண்டர் வால்ஸ் அப்பதவியில் இருந்தார்.

1880இல் அவர் மற்றொரு பெரும் விதியை வெளியிட்டார். அதற்கு ஒத்த நிலைகளின் விதி என்று பெயர். ஒவ்வொரு பொருளின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் கனஅளவையும் அதன் மாறுநிலை அளவுகளின் பங்காகக் கணக்கிட்டால், வெவ்வேறு பொருள்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடந்துகொள்ளும் என்பது அதன் கருத்து. ஒரு வாயுவைப் பற்றி நன்கு அறிந்தால், இன்னும் எவரும் திரவமாக்கிப் பாராத வேறொரு வாயு எங்கே அடங்கும் என்று முன்னரே மதிப்பிடலாம்.

துயர் சூழ்ந்த ஆண்டுகள்

புகழ் ஏறிய நேரத்தில் துன்பமும் வந்தது. 1881இல் அவருடைய மனைவி காசநோயால் மறைந்தார். அவ்வம்மையாருக்கு அப்போது வயது 34. மூன்று பெண்களும் ஓர் ஆணுமாக நான்கு பிள்ளைகள். வாண்டர் வால்ஸ் மனம் உடைந்தார். ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அவர் ஆராய்ச்சி எதையும் வெளியிடவில்லை. அவர் மறுமணமும் செய்துகொள்ளவில்லை.

அவ்வீட்டைத் தாங்கியவர் மூத்த மகள் அன்னா மடலேன். பெற்றோர் மணந்தது 1865இல். தாய் மறைந்தது 1881இல். எனவே அப்பெண்ணுக்கு வயது பதினைந்தைத் தாண்டியிராது. தந்தையையும் உடன்பிறந்தோரையும் பேணும் பொறுப்பு அவள்மேல் விழுந்தது. தந்தைக்கு அவள் நெடுங்காலம் துணையாக இருந்தாள். தங்கை ஜாக்குலின் வரலாற்று ஆசிரியையாகவும் நாடறிந்த கவிஞராகவும் விளங்கினார். இளைய தங்கை யோஹான்னா ஆங்கில ஆசிரியையானார். தம்பி தந்தையைப் போலவே இயற்பியல் பேராசிரியரானார். அறிஞரின் வரலாற்றைச் சொல்லும் நூல்கள் இம்மூத்த மகளை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அவ்வொரு வரியை நாங்கள் இருமுறை படித்தோம். பதினைந்து வயதில் தந்தை பள்ளியை விட்டு உழைக்கச் சென்றார். ஏறக்குறைய அதே வயதில் மகள் வீட்டுப் பொறுப்பை ஏற்றாள். தந்தைக்குப் பின்னர்ப் படிக்க வழி பிறந்தது. மகளுக்கு வழி பிறந்ததா என்று அந்நூல்களில் காணோம்.

1890இல் வாண்டர் வால்ஸ் மீண்டும் எழுதினார். இரு பொருள்கள் கலந்த கலவைகள் எவ்வாறு திரவமாகவும் வாயுவாகவும் பிரிகின்றன என்பதற்குக் கொள்கை வகுத்தார். 1893இல் திரவத்தின் மேற்பரப்பைப் பற்றிய கொள்கையை வெளியிட்டார். திரவத்துக்கும் ஆவிக்கும் இடையே உள்ளது கத்தி வெட்டியது போன்ற கோடு அன்று. அடர்த்தி படிப்படியாக மாறும் மெல்லிய அடுக்கு என்று அதில் காட்டினார். அவருடைய பழைய எண்ணமாகிய தொடர்ச்சி அதிலும் ஒளிர்ந்தது.

நிரந்தர வாயுக்கள் அடங்கிய கதை

1877இல் பிரான்சில் கையெட்டேயும் சுவிட்சர்லாந்தில் பிக்தேயும் ஆக்சிஜனைச் சிறிதளவு திரவமாக்கிக் காட்டினர். 1883இல் போலந்து நாட்டு அறிஞர் இருவர் கிராக்கோ நகரில் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் கொதிக்கும் திரவமாகவே கண்டனர். 1898இல் லண்டனில் ஜேம்ஸ் டிவார் ஹைட்ரஜனைத் திரவமாக்கினார். நாம் வெந்நீரும் காப்பியும் வைக்கும் பிளாஸ்க் இவர் தம் குளிர் ஆராய்ச்சிக்காக அமைத்த குடுவையின் வழிவந்ததே.

எஞ்சியது ஹீலியம் ஒன்றே. அதனை அடக்கியவர் லைடன் பேராசிரியர் கேமர்லிங் ஓன்னஸ். அவர் வாண்டர் வால்ஸின் நண்பர். ஒத்த நிலைகளின் விதியைத் துணையாகக் கொண்டு, ஹீலியத்தின் மாறுநிலை வெப்பநிலை 5 அல்லது 6 கெல்வின் அளவில் இருக்கும் என்று அவர் முன்னரே கணக்கிட்டார். அதாவது சுழிக்குக் கீழே 267, 268 டிகிரி செல்சியஸ். 1908ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் அதிகாலையில் தொடங்கிய ஆய்வு மாலை வரை நீண்டது. திரவம் கலத்தில் சேர்ந்தும் அதன் மேற்பரப்பு கண்ணுக்குப் புலப்படவில்லை. கீழிருந்து விளக்கொளி பாய்ச்சியபோது அது தெளிவாகத் தெரிந்தது. உண்மையான மாறுநிலை வெப்பநிலை 5.2 கெல்வின், கணக்கு ஏமாற்றவில்லை.

தச்சர் மகன் பிறந்த அதே லைடன் நகரில், அவர் ஓய்வு பெற்ற அதே 1908ஆம் ஆண்டில், அவருடைய விதியின் துணையால் கடைசி வாயுவும் அடங்கியது.

1910ஆம் ஆண்டுக்குரிய இயற்பியல் நோபல் பரிசு வாண்டர் வால்ஸுக்கு வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 73. வாழ்வின் கடைசி ஆண்டுகளிலும் துயரம் அவரை விடவில்லை. கவிஞராகிய மகள் ஜாக்குலின் 1922இல் தந்தைக்கு முன்பே மறைந்தார். 1923ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், தம் 85ஆம் வயதில், ஆம்ஸ்டர்டாம் நகரில் வாண்டர் வால்ஸ் இயற்கை எய்தினார்.

நம் வீட்டில் வாண்டர் வால்ஸ்

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்துச் செய்திகள், நமக்கென்ன என்று எண்ண வேண்டா. சமையல் எரிவாயு சிலிண்டரைச் சற்று அசைத்தால் உள்ளே திரவம் தளும்புவது தெரியும். அவ்வாயுக்களின் மாறுநிலை வெப்பநிலை நம் ஊர் வெயிலைவிட மிக உயர்ந்தது. ஆகவே ஒரு சில மடங்கு வளிமண்டல அழுத்தமே அவற்றைத் திரவமாக்கப் போதும். மருத்துவமனையில் காணும் ஆக்சிஜன் சிலிண்டரில் அதைவிடப் பன்மடங்கு அழுத்தம் உண்டு. எனினும் அதனுள் இருப்பது வாயுவே. காரணம் இப்போது நமக்குத் தெரியும்.

தீயணைக்கும் கரியமிலவாயு சிலிண்டர் இன்னும் வியப்பானது. மார்கழிக் குளிரில் அதனுள் திரவமும் ஆவியும் தனித்தனியே இருக்கும். சித்திரை வெயிலில் 31 டிகிரியைத் தாண்டியதும் உள்ளே கோடு அழிந்து, திரவம் என்றும் சொல்ல இயலாத, வாயு என்றும் சொல்ல இயலாத ஒன்றாகிவிடும். அந்நிலையில் உள்ள கரியமிலவாயு கொட்டைக்குள் வாயுவைப் போல் ஊடுருவும். திரவத்தைப் போல் கரைக்கும். அதனைக் கொண்டே ஆலைகளில் காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரிக்கின்றனர். வெள்ளிக் கோளின் தரையில் வெப்பம் 460 டிகிரிக்கு மேல். அழுத்தம் நம் பூமியைப் போல் ஏறத்தாழ 90 மடங்கு. ஆகவே அங்கே தரையை ஒட்டிய காற்றே இந்நிலையில் இருக்கிறது.

பிரஷர் குக்கரில் அழுத்தம் ஏறுவதால் நீர் ஏறத்தாழ 120 டிகிரியில் கொதிக்கிறது. பருப்பு விரைவில் வேகிறது. அழுத்தத்தையும் வெப்பத்தையும் இன்னும் ஏற்றிக்கொண்டே சென்றால் 374 டிகிரிக்கு அப்பால் கொதித்தல் என்னும் நிகழ்ச்சியே இல்லை. சுவரில் தலைகீழாக ஓடும் பல்லியின் பாதத்தில் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. அவற்றைச் சுவரோடு ஒட்டவைப்பது மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள இவ்வீர்ப்பே என்று 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வீர்ப்புக்கும் வாண்டர் வால்ஸ் விசை என்றே பெயர்.

அவருடைய சமன்பாடு எல்லா வாயுக்களுக்கும் எண் பிசகாமல் பொருந்துவதில்லை. அதை அவரே அறிவார். மாறுநிலையில் அழுத்தத்தையும் கனஅளவையும் பெருக்கி வாயு மாறிலியாலும் வெப்பநிலையாலும் வகுத்தால் எல்லாப் பொருளுக்கும் 0.375 வரவேண்டும் என்கிறது அவர் கணக்கு. அளந்து பார்த்தால் பல வாயுக்களுக்கு 0.29 அளவே வருகிறது. எனினும் எந்தத் திசையில் பார்க்கவேண்டும் என்று அது காட்டிற்று. பின்வந்தோர் திருத்தங்கள் பல செய்தும், அந்த இரண்டு எண்ணங்களை விட்டுவிடவில்லை.

முடிவுரை

தோழியரே, பத்தாம் வகுப்புத் தேர்வு எங்கள் முன் நிற்கிறது. அதன் பின் அறிவியல் பிரிவில் சேர்வோர் சிலர். தொழிற்கல்விக்குச் செல்வோர் சிலர். வீட்டு நிலையால் படிப்பை நிறுத்த நேர்வோரும் எங்களுள் உண்டு. அவர்களுக்கு வாண்டர் வால்ஸின் வாழ்வு பொய்யான ஆறுதல் சொல்லவில்லை. முயன்றால் போதும், எல்லாம் தானே நடக்கும் என்று அது சொல்லவில்லை. அவர் முயன்றார், சட்டமும் மாறியது, இரண்டும் சேர்ந்தே அவர் உயர்ந்தார். சட்டம் மாறாதிருந்தால் லைடன் நகரம் ஒரு நல்ல தொடக்கப் பள்ளி ஆசிரியரைப் பெற்றிருக்கும். உலகம் அந்தச் சமன்பாட்டுக்கு இன்னொருவர் வரும்வரை காத்திருக்கும்.

ஆகவே மாணவியராகிய நமக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது: கதவு மூடியிருக்கும் நாளிலும் பாடத்தை விடாதிருப்போம். பெற்றோராகிய உங்களையும் பணிவோடு ஒன்று கேட்கிறோம்: பதினைந்து வயதில் ஒரு பெண்ணின் படிப்பு முடிந்தது என்று கோடு கிழிக்கும் முன், சற்றே பொறுத்துப் பாருங்கள். திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவே உள்ள கோடே அழியக்கூடியது என்றால், மனிதர் கிழிக்கும் கோடு எம்மாத்திரம்?